ஆற்றங்கரையில் அப்பாவைத் திட்டியவர்

பரமத்தி வேலூர்,
புரட்டாசி, ஞாயிறு காலை

அன்புக் கண்ணு யாழினிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, நடமாடிக்கொண்டு, குறை சொல்ல ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அந்தக் குளிர் ஊரில் நீயும் மாப்பிள்ளையும் தர்ஷனும் சளி இருமல் அண்டாமல் இருக்கிறீர்கள் என்று உன் பதில் வந்தால் எனக்கு அதுவே போதும். போன வாரம் அடித்த காற்றில் கிணற்று மேட்டு வாழை ஒரு வரிசை சாய்ந்துவிட்டது, மற்றதற்கு மூங்கில் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறோம். மஞ்சுளா சித்திக்கு நாமக்கல்லில் முழங்கால் ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்துவிட்டாள், கோலைப் பிடித்து நடக்கிறாள், உன்னைக் கேட்டாள். நீ போன் செய்யும்போதெல்லாம் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்கிறாய், நான் பரவாயில்லை என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அவரைப் பற்றி அவர் காதுபடவே என்ன பேசுவது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

முதலில் ஆற்றில் தூண்டில் போடுகிறவர்களின் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது புரியாது. பாலத்துக்கு மேற்கே பாறைகள் இருக்கின்றனவே, அங்கே யார் முதலில் வந்து உட்காருகிறாரோ அன்றைக்கு அந்த இடம் அவருடையது. அடுத்து வருகிறவர் பக்கத்தில் உட்காருவதானால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். ஒருவருடைய நரம்பு கிடக்கும் தண்ணீரில் இன்னொருவர் குறுக்கே எறியக்கூடாது. தூண்டில் நைலானைத்தான் இங்கே நரம்பு என்பார்கள். யாருக்காவது பெரிய மீன் மாட்டி அது ஓட ஆரம்பித்தால், அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் உடனே தங்கள் நரம்பைச் சுருட்டித் தண்ணீரைவிட்டு வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் எல்லாம் சிக்கிக்கொண்டு மீன் அறுத்துக்கொண்டு போய்விடும். இதிலெல்லாம் உன் அப்பா எவ்வளவு கறார் என்று உனக்குத் தெரியாது. கரூரிலிருந்து காரில் வந்த ஒரு டாக்டர், கேட்காமல் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுவிட்டார் என்று அவரை எழுப்பிவிட்ட ஆள் இவர்.

தையில் அவருக்குக் கை கால் இழுத்துக்கொண்டு, நீ வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, கால் ஓரளவு தேறிவிட்டது, வலது கை தேறவில்லை. பேச்சும் அப்படித்தான், வார்த்தை வாய்வரை வந்து நின்றுவிடும். சித்திரையில் ஆற்றுக்குப் போக வேண்டும் என்று சைகை காட்டினார். நான் ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். இடது கையால் எறிந்தார், அது அவர் நினைத்த பக்கம் போகவில்லை, செங்கோட்டையன் நரம்பின் மேலே போய் விழுந்தது. செங்கோட்டையன் என்பவர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அப்பாவோடு வெகுநாளாக அங்கே உட்காருகிறவர். அவர் ஒன்றும் சொல்லாமல் சிக்கைப் பிரித்துவிட்டு, எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் நாங்கள் போனபோது நல்ல பாறை காலியாக இருந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. இவர் எங்கே எறிந்தாலும், அங்கே கிடக்கும் நரம்பை மற்றவர்கள் சத்தமில்லாமல் இழுத்துக்கொள்வார்கள். நல்ல மனிதர்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். நல்ல மனிதர்கள்தான்.

ஆனியில் ஒருநாள், மாத்திரை போட்ட அசதியில் அவர் பாறையிலேயே கண் அயர்ந்துவிட்டார். நான் பெட்டிக்கடைக்குப் போய்விட்டு வந்தபோது ஒரே ஆரவாரம். அப்பா தூண்டிலில் நல்ல கட்லா. இடது கையாலேயே சுருட்டிக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார், சுற்றி நின்றவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தார். நான் கொல்லைக்கல்லில் மீனை அலசும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவர், அதை என் கையிலிருந்து வாங்கி உதட்டைத் திருப்பிப் பார்த்தார். அவருடைய தூண்டில் முள் குத்திய இடம் ஒரு பக்கம், இன்னொரு பக்கம் வேறு முள் கிழித்த புண். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இத... ஆரு மாட்டுனது?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன், அது உண்மைதான். அன்றைக்கு அவர் மீன் சாப்பிடவில்லை, மறுநாள் ஆற்றுக்குக் கிளம்பவும் இல்லை.

நான் போய்ச் செங்கோட்டையனைக் கேட்டேன். “ஆமாங்க்கா, நாந்தான். அண்ணன் மூஞ்சி வாடிக் கெடந்துச்சு, சித்த சந்தோசப்படட்டுமேன்னு செஞ்சனுங்க” என்றார். அவரை என்ன சொல்வது. வீட்டுக்கு வந்து பார்த்துப் பேசுகிறேன் என்று வந்தார், இவர் அறையைவிட்டு வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு கைப்பயிற்சிக்கு வரும் பெண்ணிடம் கையை நீட்டவும் மறுத்துவிட்டார். பேச்சு சுத்தமாக நின்றுவிட்டது. சோறு போட்டால் சாப்பிடுவார், டிவி போட்டால் பார்ப்பார், அணைத்தால் அணைத்த டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நாட்களில்தான் நீ அப்பாவிடம் போனைக் கொடுங்கள் என்று கேட்டபோதெல்லாம் தூங்குகிறார் என்றேன்.

ஆடியில் ஆற்றில் தண்ணீர் நிறைய வந்தது. பாறைக்கு வேண்டாம், ஆள் தெரியாத இடத்துக்குப் போகலாம் என்று நானே சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். ஊருக்குக் கீழே, வாய்க்கால் பிரியும் இடம் தாண்டி ஒரு வளைவு இருக்கிறது, அங்கே கூட்டிப்போய் உட்காரவைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து கேட்காமல் கொள்ளாமல் பக்கத்தில் உட்கார்ந்து தூண்டில் போட்டார். நாற்பது வயது இருக்கும். போர் போடும் ரிக் வண்டியில் வடக்கே வேலை, மழைக்காலத்துக்கு ஊர் வந்திருக்கிறவர், பெயர் ரமேஷ்குமார் என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்பா எறிந்தது வழக்கம்போல் அவருடைய நரம்பின் மேலே விழுந்தது. அவர் எழுந்து நின்றுவிட்டார். “ஏனுங் பெரியவரே, இத்தன ஆறு கெடக்குது, எம்மேலதான் போடோணுமா? கண்ணு தெரியலீங்களா?” என்று கத்தினார். உடம்பு சரியில்லாதவர் என்று சொல்ல வாயெடுத்தேன், அப்பா இடது கையை நீட்டி என்னை நிறுத்திவிட்டார். பிறகு அந்த ஆளைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக, முகமெல்லாம் வேர்த்து, “மொதல்ல... வந்தது... நானு. நீ... கேட்டியா?” என்றார். ஆனியிலிருந்து அவர் வாயில் நான் கேட்ட நீளமான பேச்சு அதுதான். அந்த ஆள் தன் தூண்டிலைக் கீழே வைத்தார். “கேக்காம உக்காந்தது என்ற தப்புத்தானுங்க. அதுக்குன்னு குறுக்க போட்டது உங்க தப்பு இல்லீன்னு ஆயிருமா?” என்றார். அப்பா யோசித்துப் பார்த்துவிட்டு, “ஆகாது” என்றார். அக்கரையில் சாய்ந்து நிற்கும் கருவேல மரத்துக்கு மேற்கே அவர் போடுவது, கிழக்கே இவர் போடுவது என்று பேசி முடித்தார்கள். அன்றைக்கு மட்டும் அப்பா நரம்பு பலமுறை மரத்தைத் தாண்டிப் போனது, ஒவ்வொரு முறையும் திட்டு விழுந்தது.

மறுநாள் காலையில் அப்பாவைக் காணவில்லையே என்று தேடினால், வாழைத் தோப்பில் நின்றுகொண்டு, நரம்பின் நுனியில் ஓர் இரும்பு நட்டைக் கட்டி, என் துணி அலசும் பேசினைத் தூரத்தில் வைத்து அதில் எறிந்துகொண்டிருக்கிறார். வலது கையால் கம்பின் அடியை அணைத்துப் பிடித்திருக்கிறார். எந்தக் கையைப் பயிற்சிக்காரப் பெண் கெஞ்சியும் நீட்டவில்லையோ அந்தக் கை. தினமும் காலையில் இதே வேலை, சாயங்காலம் வளைவுக்குப் போய்த் திட்டு வாங்குவது, திருப்பிக் கொடுப்பது. எனக்குப் பேசின் போனதுதான் மிச்சம், உடைத்துவிட்டார்.

ஆவணியில் செங்கோட்டையன் எங்கேயோ டீக்கடையில் ரமேஷ்குமாரைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். கேட்டவர் நேராக நம் வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பா நல்ல வேளை குளித்துக்கொண்டிருந்தார். “எனக்கு ஆரும் சொல்லலீங்களே அக்கா, ஒடம்பு முடியாதவரப் போயி அந்தப் பேச்சுப் பேசிப்போட்டனே” என்று கையைப் பிசைந்தார். நான் அவரை வாசலுக்கு வெளியே கூட்டிப்போய், “நீங்க மட்டும் ஒதுங்கிப் போயிராதீங்க தம்பி, எப்பவும் போலத் திட்டுங்க” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போனார். அதற்குப் பிறகும் ஆற்றில் அவர் திட்டத்தான் செய்தார். ஆனால் எனக்குத்தான் சந்தேகம் வந்துவிட்டது. நான் சொன்னதற்காகத் திட்டுகிறாரோ, இதுவும் செங்கோட்டையன் மாட்டிவிட்ட மீன் போலத்தானோ என்று. அப்பாவுக்கும் அப்படித் தோன்றியிருக்க வேண்டும். ஒருநாள் திட்டை வாங்கிக்கொண்டு பதில் சொல்லாமல் அந்த ஆளின் முகத்தையே உற்றுப் பார்த்தார். வீட்டுக்கு வந்து இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

இது நடந்து சில நாளில், போன புதன்கிழமை, ரமேஷ்குமார் தூண்டிலில் பெரிதாக ஏதோ மாட்டியது. கம்பு வளைந்து தண்ணீரைத் தொட்டுவிட்டது. அவர் ஓடிக்கொண்டே இழுக்கிறார், அது மரத்தைத் தாண்டி நேராக அப்பா நரம்பு கிடக்கும் பக்கம் வருகிறது. அவர் அப்பாவைப் பார்த்து, “நரம்பத் தூக்குய்யா!” என்று போட்ட சத்தத்தில் நாணலிலிருந்த கொக்கெல்லாம் கிளம்பின. கூடவே ஒரு வார்த்தை சொன்னார், அதை நான் இங்கே எழுத முடியாது. பாவப்பட்டு யாரும் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டார்கள். அப்பா வலது கையால் கம்பைப் பிடித்து இடது கையால் ரீலைச் சுற்றுகிறார், சுற்றுகிறார், எனக்குப் பார்க்க முடியவில்லை. மீன் வந்து சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் அவருடைய முள் தண்ணீரைவிட்டு மேலே வந்துவிட்டது. மீன் அந்த வழியாகவே ஓடித் திரும்பியது. அது கரைக்கு வர வெகுநேரம் ஆனது, அப்பாதான் கைவலையைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டார். ரோகு, சின்னப் பிள்ளை கனம் இருக்கும். புரட்டாசி அல்லவா, ரமேஷ்குமார் அதைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் வைத்து மூச்சு வாங்கவிட்டு அப்படியே விட்டுவிட்டார். பிறகுதான் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்து, “அண்ணா, ஒரு வேகத்துல...” என்று இழுத்தார். அப்பா, “பரவால்ல. நேரத்துக்குத்... தூக்கீட்டனா?” என்று கேட்டார். “ஒரு நொடி தாமசமாயிருந்தாப் போயிருக்கும்” என்றார் அவர். அவ்வளவுதான் நடந்தது. நம் தூண்டிலில் அன்றைக்கு ஒரு கெளுத்திகூட மாட்டவில்லை. வரும் வழியில் பால்காரரை நிறுத்தி, தான் நேரத்துக்கு நரம்பைத் தூக்கியதைத் திக்கித் திக்கி முழுதும் சொன்னார். பால் கேனோடு அவர் நடுரோட்டில் நின்று கேட்டார், பாவம்.

வியாழக்கிழமை பழைய பாறைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். செங்கோட்டையன் இவரைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுக்கப் போனார். “உக்காரு. நீ... மொதல்ல வந்தீல்ல” என்று இவர் அதட்டினார். கேட்டுவிட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அவர்களை அங்கேயே விட்டுவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டு வந்தேன். ரமேஷ்குமாருக்கு ஐப்பசியில் வண்டி கிளம்புகிறதாம், போய்விடுவார்.

உன் சமாச்சாரத்துக்கு வருகிறேன். தர்ஷனுக்கு எண்ணெய் தேய்த்து விடுகிறாயா, அங்கே தோல் வறண்டுவிடும், வாரம் ஒருமுறையாவது தேய். மார்கழியில் நீங்கள் வரும்போது கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்குத் தானே காரை ஓட்டிக்கொண்டு வருவதாக அப்பா உன்னிடம் சொல்வார், இப்போதே என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். டாக்டர் வண்டியைத் தொடக்கூடாது என்றிருக்கிறார். நீ அவரிடம் சரிங்கப்பா என்று சொல்லிவிட்டு எனக்குத் தனியாகப் போன் செய்யாதே. முடியாது என்று அவரிடமே சொல். அவர் கத்துவார், நீயும் கத்து.

கபிலர்மலை முருகன் உங்கள் மூன்று பேருக்கும் துணையிருந்து, நோய்நொடி அண்டாமல், நீண்ட ஆயுளோடு நல்லபடியாக வைத்திருக்கட்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் விசாரிப்பைச் சொல். குழந்தைக்கு முத்தம்.

உன் அம்மா,
வசந்தாமணி