மேலிருந்து தெரியாத கூடாரம்

ஒரேத்தோ,
9 யூன் 2024

அன்புள்ள புஸ்பவதிக்கு,

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, எமது குடும்பம் ஒரு கூடாரத்தின் நிறத்தைத் தீர்மானித்துவிட்டது என்பதை அறியத்தருகிறேன். பச்சை இராணுவத்தை நினைவூட்டியதால் நிராகரிக்கப்பட்டது. செம்மஞ்சள் மேலிருந்து தெரியும். தயானி நீலத்துக்குக் கெஞ்சினாள். வன்னியில் குண்டுவீச்சுக்குள் நாங்கள் நீலத் தறப்பாளின் கீழ் கிடந்ததைச் சொல்லாமல், விலை கூட என்றேன். மண்ணிறம் வென்றது.

அவளுடைய வகுப்புக் குடும்பங்களோடு மதோனியே மலையில், ஓடைக்கரைப் பூங்காவில் இரண்டு இரவு. நான் அங்கே ஒழுங்காகப் படுத்து உறங்கினால், வேலைசெய்யும் வீட்டை விட்டு எங்களிடம் திரும்புவதாகச் சொன்னீர். ஓட ஆயத்தமாய்ச் சப்பாத்தோடு படுக்கலாமா என்பதை மட்டும் எழுதவும்.

உம்முடைய
இரத்தினம்


லிபெர்த்தா,
13 யூன்

தயானியின் அப்பாவுக்கு,

நான் சுகம். இந்த வீட்டுக் கிழவி சிஞ்ஞோராவுக்கு முழங்கால் நோவு, தூக்கிவிட இரவில் எழும்பவேண்டியிருக்கிறது. உங்களுக்காக எழும்பியதைவிடக் குறைவுதான்.

சப்பாத்தைக் கழற்றுங்கள். இந்த நாட்டில் மேலிருந்து வருவது மழை மட்டும், யூனில் அதுவும் இல்லை. போன கிழமை தயானி, "அம்மா, அப்பா எப்பவாவது நித்திரை கொள்ளுறவரோ?" என்று கேட்டாள். அவளுக்காகத்தான் இந்த நிபந்தனை. எனக்குப் பதிலாக வேலைக்கு வேறு ஆள் பார்க்கும்படி சிஞ்ஞோராவிடம் சொல்லிவிட்டேன்.

மீன் பொரித்துக் கொண்டுபோக வேண்டாம். கூடாரம் நாறும்.

புஸ்பவதி


ஒரேத்தோ,
24 யூன்

அன்புள்ள புஸ்பவதிக்கு,

தயானியை உம்மிடம் கொண்டுவந்து விட்டபோது, என்ன நடந்தது என்று வாசலில் கேட்டீர்; அவள் முன்னால் சொல்லக்கூடியதல்ல. அதனால் எழுதுகிறேன்.

முதல் நாள் இரவு சப்பாத்தைக் கழற்றினேன். ஓடைச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஆனாலும் விடியுமுன் கண்ணயர்ந்தேன். தயானி பார்த்தாளாம், சந்தோசப்பட்டாள்.

மத்தியானம் பிள்ளைகள் ஓடையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மலையில் காடு எரிந்தது. தீயணைக்கும் மஞ்சள் விமானம் மரங்களை உரசுவதுபோலத் தாழ்ந்து வந்தது. மற்றத் தகப்பன்மார் கைகாட்டினார்கள், சிலர் படம் எடுத்தார்கள். நான் தயானியை இழுத்துக் கரையோரம் கிடத்தி, மேலே படுத்தேன். அவள் கை காலை அடித்தாள். பயத்தில் அடிக்கிறாள் என்று இன்னும் அழுத்தினேன். முகம் தண்ணீருக்குள் இருந்தது.

இரண்டு பேர் வந்து என்னைத் தூக்கி எடுத்தார்கள்.

இருமி முடித்த பிறகு அவள் சொன்னது இவ்வளவுதான்: "நான் சொல்லப் பாத்தனான், அப்பா. வாய்க்குள்ள தண்ணி."

அந்த ஒரு இரவைக் கணக்கில் எடுப்பீரோ?

இரத்தினம்


லிபெர்த்தா,
1 யூலை

தயானியின் அப்பாவுக்கு,

எனக்குக் கோபமில்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உண்மையாகவே குண்டு விழுந்திருந்தால் நீங்கள் செய்தது சரி. என் அம்மா என்மேல் படுத்ததால்தான் நான் இருக்கிறேன். இதைத் தயானிக்கும் சொன்னேன், ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து. மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்ப இஞ்சை எப்ப விழும்?" என்று கேட்டாள்.

வேறு ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்; சிஞ்ஞோரா தன் பக்கத்து அறையை அவளுக்குக் கொடுத்திருக்கிறார். செப்டெம்பரிலிருந்து தயானி லிபெர்த்தாவில் பள்ளிக்கூடம் போவாள்.

புஸ்பவதி