முள் நின்ற இடம்

அண்ணாச்சி,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் வந்திருந்தாள். கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. "அங்கிள், அப்பாவோட அல்மாரி காலி பண்ணிட்டிருக்கோம். இது என்ன சாமான்னு யாருக்கும் தெரியல. உங்களுக்குத் தெரியும்னு மம்மி சொன்னாங்க" என்று நீட்டினாள். மூடியைத் திறந்தேன். பழைய இன்ஜின் ஆயிலின் வாசனை மூக்கில் ஏறியது. உள்ளே இருப்பது என்ன என்று பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

பனியன் துணியில் சுற்றி வைத்திருந்தீர்கள். நம் வேனில் நீங்கள் உங்கள் கையால் பொருத்திய ஆயில் பிரஷர் டயல். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. அதன் கழுத்தில் வெள்ளை நூலால் கட்டிய சிவப்பு அட்டை. அட்டையில் உங்கள் கையெழுத்தில் இரண்டு வரி: "பழுது. காரணம்: என் வேலை."

"இதுல என்ன எழுதியிருக்கு அங்கிள்?" என்று கேட்டாள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். பேசுகிற தமிழே இந்தியில் நனைந்த தமிழ். படிக்க எங்கே போவாள்.

"பழுதுன்னு எழுதியிருக்கும்மா."

"அச்சா, கராப். அப்பாவும் அதான் சொல்லுவாங்க. அப்போ கபாடிவாலாகிட்ட பழைய இரும்புக்குப் போட்டுடவா?"

என்னிடமே இருக்கட்டும் என்றேன். டீ குடித்துவிட்டுப் போனாள். இரண்டு வரியில் ஒரு வரியைத்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். எழுபத்தேழு வயதாகிறது எனக்கு. நீங்கள் போய் ஒரு பனிக்காலம் முடிந்துவிட்டது. இன்னும் ஒளித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் சரோஜினி நகரில் ஏழு குடும்பம் சேர்ந்து ஏலத்தில் அந்த வேனை எடுத்த கதை உங்களுக்குத் தெரியும். ஏழு பேருக்கும் ஆபீஸ் ஒரே பக்கம். பஸ்ஸில் தொங்கிப் போய் அலுத்துப்போனவர்கள். எனக்கு மட்டும்தான் வண்டி ஓட்டத் தெரியும் என்பதால் நான் டிரைவர் ஆனேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஆனால் இன்ஜினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அப்போதுதான் யாரோ உங்களைப் பற்றிச் சொன்னார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஏர்ஃபோர்ஸில் விமானத்தின் டயல்களைப் பழுது பார்த்தவர், பதினைந்து வருட சர்வீஸ் முடிந்து ரிடையர் ஆகி கரோல் பாகில் ஒரு ஜெனரேட்டர் பட்டறையில் இருக்கிறார் என்று. தேடி வந்தேன். என்னை விட மூன்று வயதுதான் மூத்தவர். ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடத் தோன்றியது.

நீங்கள் முதலில் பார்த்தது டாஷ்போர்டை. அதில் ஆயிலுக்கென்று ஒரு சிவப்பு விளக்கு மட்டும் இருந்தது. சூட்டுக்கு அதுவும் இல்லை.

"இது என்னவே, கண்ணைக் கட்டிக்கிட்டு ஓட்டுதீரு?" என்றீர்கள். "இந்த விளக்கு எரியும்போது இன்ஜின் செத்துருக்கும். முள்ளு முன்னாலயே சொல்லும்லா."

சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து அந்த விளக்கில் கட்டினீர்கள். "பழுது. காரணம்: தாமதமாகச் சொல்லும்." கீழே கையெழுத்து. நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "பழுதைக் கண்டுபிடிக்கவன் காரணம் எழுதி கையெழுத்துப் போடணும். காரணம் தப்புன்னு வேற ஒருத்தனுக்குத் தெரிஞ்சா, அவன் கீழ எழுதி கையெழுத்துப் போட்டாத்தான் இதை அவுக்கலாம்" என்றீர்கள். ஏர்ஃபோர்ஸ் வழக்கமா, உங்கள் சொந்தச் சட்டமா என்று நான் கேட்டதில்லை.

நான்கு ஞாயிற்றுக்கிழமை அந்த வேலை நடந்தது. இன்ஜினில் விளக்குக்கு ஒயர் போகும் இடத்தில் ஒரு பித்தளை இணைப்பைப் போட்டு, விளக்கையும் விடாமல், டயலுக்கு ஒரு மெல்லிய செம்புக் குழாயைப் பிரித்து எடுத்தீர்கள். குழாய் அதிர்ந்து உடையக் கூடாது என்று நடுவில் ஒரு வளையமாகச் சுற்றினீர்கள். இரும்பில் உரசும் இடங்களில் சைக்கிள் டியூபை வெட்டி உறை போட்டீர்கள். சூட்டு டயலை வீட்டுக்குக் கொண்டுவந்து, என் மனைவியின் இட்லிப் பானையில் கொதிக்கும் தண்ணீரில் அதன் நுனியை விட்டுச் சோதித்தீர்கள். அவள் அந்தப் பானையை மறுபடி அடுப்பில் ஏற்றவில்லை. ஆனால் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு டயலையும் ஒரு தகரப் பலகையில் அருகருகே பதித்து, கண்ணுக்கு நேராக மாட்டினீர்கள். ஓடும்போது ஆயில் முள் நாற்பத்தைந்து, இன்ஜின் சூடாகி, வண்டி ஓடாமல் நிற்கும்போது இருபது. "இது இவளோட நாடி" என்றீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மார்க்கெட் பக்கத்து டாக்ஸி ஸ்டாண்டு சர்தார்ஜி வந்து பார்த்துவிட்டு, தன் வண்டிகள் எல்லாவற்றுக்கும் இதே மாதிரி போட்டுத் தரச் சொன்னார். ஐ.என்.ஏ. மார்க்கெட் பின்னால் ஒரு ஷெட்டுகூடப் பார்த்து வைத்தீர்கள். பட்டறையை விட்டுவிட்டு சொந்தமாக உட்காரலாம் என்று. என்னிடம் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டீர்கள். அந்த வயதில் உங்களுக்கு அது ஒன்றுதான் ஆசை.

தொல்லை, வண்டியில் வந்தவர்களால் ஆரம்பித்தது. எல்லாரும் கோப்பு படித்துப் பழகியவர்கள். கண்ணுக்கு எதிரே ஒரு டயல் இருந்தால் சும்மா இருப்பார்களா? சிக்னலில் நின்றால் முள் இறங்கும், அது இயல்பு. ஆடிட் ஆபீஸ் மாமி என் தோளுக்குப் பின்னாலிருந்து, "முள்ளு கீழ போறதே, ஆத்துக்குத் திரும்பிடலாமா?" என்பாள். செக்ஷன் ஆபீசர் நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று விளக்கம் கேட்பார். ஒருநாள் சஃப்தர்ஜங் பக்கம் பாதி பேர் இறங்கி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். எனக்கு மானம் போயிற்று. டிரைவர் நான், என்னை நம்பாமல் முள்ளை நம்புகிறார்கள் என்று.

மே மாதம் நீங்கள் குடும்பத்தோடு ஊருக்குப் போனீர்கள். நாற்பது நாள் விடுப்பு. போகுமுன் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தீர்கள். "தினமும் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம். ரெண்டு முள்ளையும் பாத்து எழுதும். வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். நான் வந்து பாத்துக்கிடுதேன்."

நீங்கள் போன அதே வாரம் மாமி பழனியிலிருந்து ஒரு படம் கொண்டுவந்தாள். கண்ணாடி போட்ட, சட்டமிட்ட பழனியாண்டவர். வண்டியில் மாட்டச் சொன்னாள். இடமா இல்லை? மேலே மாட்டியிருக்கலாம், ஓரத்தில் மாட்டியிருக்கலாம். நான் தகரப் பலகையின் மேல், இரண்டு டயலும் மறையும்படி மாட்டினேன். சாமி படம் என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து வண்டிக்குள் அமைதி. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஏறினார்கள். எனக்கு விட்டது சனி என்று இருந்தது.

நோட்டு? அதை ஆபீசில் உட்கார்ந்து எழுதினேன். நாங்கள் பதிவேடு எழுதுகிற அழகு உங்களுக்குத் தெரியாது, அண்ணாச்சி. மாதக் கடைசியில் ஒரே மூச்சில் முப்பது நாளையும் நிரப்புவோம். சந்தேகம் வரக் கூடாது என்று மை கூட மாற்றுவோம். உங்கள் நோட்டிலும் அதே திறமையைக் காட்டினேன். திங்கள் நாற்பத்தைந்து, செவ்வாய் நாற்பத்து நான்கு, வியாழன் நாற்பத்தாறு. எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் நம்ப மாட்டீர்கள் அல்லவா. அப்போது அதைத் தப்பு என்றே நான் நினைக்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்று எனக்கு உடம்பு கூசுகிறது.

நீங்கள் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு, ஜூன் வெயிலில், ரிங் ரோட்டில் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓரம் கட்டுவதற்குள் உள்ளே கடகடவென்று ஒரு சத்தம். பிறகு இன்ஜின் அப்படியே இறுகி நின்றுவிட்டது. யாருக்கும் அடி இல்லை. சாமிதான் காப்பாற்றினார் என்று மாமி அழுதாள். எல்லாரும் இறங்கியபின் நான் படத்தைக் கழற்றினேன். சாப்பாட்டுக் கூடையில், தயிர்சாத டப்பாவின் மேல் கவிழ்த்து வைத்துத் துண்டால் மூடினேன். அந்த நேரத்தில் என் புத்தி எவ்வளவு வேகமாக வேலை செய்தது பாருங்கள்.

ஸ்டேஷனிலிருந்து பெட்டியை வீட்டில் போட்டுவிட்டு நேரே மெக்கானிக் ஷெட்டுக்கு வந்தீர்கள். இன்ஜின் பிரிந்து கிடந்தது. பேரிங் எல்லாம் உருகிக் கருகியிருந்தது. ஆயில் பம்பை எடுத்துக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். பிறகு ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து என் நோட்டைப் புரட்டினீர்கள்.

"பம்பு ஒரே நாள்ல போகலவே. மெல்லத் தேஞ்சிருக்கு. ஒரு மாசமா முள்ளு இறங்கியிருக்கணும். இதுல இறங்கவே இல்லையே."

நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு வந்து விரலை வைத்தீர்கள்.

"கடைசி நாள் காலைல முள்ளு எங்க நின்னுச்சு?"

"நாப்பத்தஞ்சுலதான் அண்ணாச்சி."

"நீரு பாத்துத்தான எழுதினீரு?"

"பாத்துத்தான் எழுதினேன்."

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். நான் சொல்வது பொய்யாக இருக்கலாம் என்ற எண்ணம் உங்களுக்குத் துளியும் வரவில்லை. நோட்டை மூடிவிட்டு, "அப்போ நான் மாட்டினதுதான் பொய் சொல்லியிருக்கு" என்றீர்கள். அப்போது வாயைத் திறந்திருக்கலாம். கோபத்தில் ரெண்டு வார்த்தை ஏசியிருப்பீர்கள், அவ்வளவுதான். ஏழு குடும்பமும் என்னைக் காறித் துப்பும் என்று பயந்தேன். அவர்கள் பாவம், உங்கள் டயலைத்தான் குறை சொன்னார்கள். படம் எந்த இடத்தில் தொங்கியது என்று உங்களிடம் சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் அவர்களோடு சேர்ந்து தலையாட்டினேன்.

வேன் பழைய இரும்புக்குப் போயிற்று. டயலை மட்டும் நீங்கள் கழற்றிக்கொண்டு போனீர்கள். சர்தார்ஜி ஆள் அனுப்பியபோது நான் உங்கள் வீட்டில்தான் இருந்தேன். "நஹி ஜி, இப்போ நம்ம கை சரியில்ல. வேற ஆளப் பாக்கச் சொல்லு" என்று உங்கள் இந்தியில் சொல்லி அனுப்பினீர்கள். ஷெட்டு வேறு யாருக்கோ போயிற்று. பட்டறையிலேயே, இன்னொருவர் சொன்னதைச் செய்துகொண்டு, கடைசிவரை இருந்தீர்கள். அதன் பிறகும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்தீர்கள். என் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறினீர்கள். என்னிடம் ஒரு குறையும் பட்டதில்லை. நீங்கள் ஒரு தடவையாவது சந்தேகப்பட்டிருந்தால் எனக்குச் சொல்லச் சுலபமாக இருந்திருக்கும்.

டப்பாவின் அடியில் அந்த நோட்டும் இருந்தது, அண்ணாச்சி. உங்கள் மகள் போனபின்தான் பார்த்தேன். நான் எழுதிய ஒவ்வொரு எண்ணின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு டிக். சில பக்கங்களில் இரண்டு, மூன்று தரம். எத்தனை தடவை உட்கார்ந்து சரிபார்த்தீர்களோ. என் பொய்யை வைத்துக்கொண்டு உங்கள் வேலையில் தப்புத் தேடியிருக்கிறீர்கள்.

புதன்கிழமை டயலை எடுத்துக்கொண்டு கரோல் பாகுக்குப் போனேன். மெட்ரோவில் போனேன், நீங்கள் இருந்த தெருவே அடையாளம் தெரியவில்லை. உதிரிபாகக் கடையில் சின்னப் பையனாகத் தெரிந்த முதலாளி, கைப்பம்பில் மாட்டி அழுத்திப் பார்த்தார். பக்கத்தில் தன்னுடைய புது டயலையும் மாட்டியிருந்தார். இருபது, முப்பது, நாற்பத்தைந்து. இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. "பில்குல் சஹி ஹை, அங்கிள்" என்றார். இம்மி பிசகாமல் சரியாம்; நீங்களும் இதைச் சோதித்துத் தெரிந்துகொண்டுதான், டயலை விட்டுவிட்டு 'என் வேலை' என்று எழுதியிருக்கிறீர்கள்.

நேற்று அட்டையில் உங்கள் வரிக்குக் கீழே எழுதினேன். "டயல் சரி. வேலையும் சரி. முள்ளைப் பார்க்காமல் நோட்டு எழுதியவன் நான்." உங்கள் சட்டப்படி கையெழுத்தும் போட்டேன். நூலை அவிழ்க்கவில்லை. உங்கள் மகளுக்கு போன் செய்தேன். நாளை வருகிறாள்.

அவளால் அந்த அட்டையைப் படிக்க முடியாது. இந்த மடலையும் படிக்க முடியாது. அதனால் நான்தான் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். இந்த முறை எல்லா வரியையும். புரியாத இடத்தில் இந்தியில் சொல்லவேண்டும். அதன் பிறகு அவள் என்னை அங்கிள் என்று கூப்பிடுவாளோ மாட்டாளோ. நூலை அவள் கையால் அவிழ்க்கட்டும். டயல் அவளோடு போகட்டும். நோட்டு மட்டும் என்னிடம் இருக்கும்.

ஆனால் நீங்கள் ஷெட்டில் கேட்ட கேள்விக்கு அவளுக்கு முன் உங்களுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். அன்று காலை முள் எங்கே நின்றது என்று எனக்குத் தெரியாது, அண்ணாச்சி. நான் பார்க்கவில்லை.