‘உங்க நாட்டுல’ என்று கேட்டவள்

உன் மகள் காலையில் வந்தாள். கல்லூரியில் சேருவதற்கான படிவத்தை என் முன்னால் வைத்து, உங்க எழுத்து அழகா இருக்கும் பெரியம்மா, நீங்களே எழுதிடுங்க, சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். பெயர் எழுதினேன். அப்பா பெயர் எழுதினேன். அம்மா பெயர் கேட்ட இடத்தில் உன் பெயரை எழுதி, அதற்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்றும் சேர்த்துவிட்டேன். அதற்கடுத்து ‘நாடு’ என்று ஒரு கட்டம். அங்கே நின்றுவிட்டேன். மத்தியானம் தாண்டிவிட்டது, உலை வைக்கவில்லை, கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நாளைக்குக் கடைசி நாள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் படிவத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.

அதனால் வேறு தாளை எடுத்துக்கொண்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். உன்னைத் திட்ட வேண்டும் போல இருக்கிறது. பதினோரு வருஷம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒரே தட்டில் கைவைத்தவளிடம் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லையாடி?

பாட்டில் மூடி கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உனக்கு ஞாபகம் இருந்திருக்கும். பள்ளிப்பட்டுக்கு அந்தாண்டை கரும்புக் கொல்லையில் வளர்ந்தவள், கல்யாணமாகிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்து ஆறு மாசம்கூட ஆகவில்லை. சிப்காட்டில் எந்தத் தெரு எங்கே போகிறது என்று தெரியாமல் ரயில்வே கேட்டில் முழித்துக்கொண்டு நின்றவளை ஷேர் ஆட்டோவில் ஏற்றி, இறங்க வேண்டிய இடத்தில் தோளைத் தட்டி இறக்கியவள் நீ. எந்தக் கடையில் நாஷ்டா சுத்தமாக இருக்கும், எந்தக் குழாயில் நல்ல தண்ணீர் வரும், எந்த டாக்டர் ஊசி போடாமல் மாத்திரை மட்டும் கொடுப்பார், எல்லாம் உனக்குத் தெரிந்திருந்தது. உனக்கு ஊடு எங்க என்று கேட்டேன். கேம்ப்ல அக்கா என்றாய். அவ்வளவுதான். மிச்சத்தையெல்லாம் நானே முடிவு கட்டிக்கொண்டேன். “இலங்கையா நீ? உங்க நாட்டுல சண்டைலாம் ஓஞ்சிடுச்சா?” என்று கேட்டேன். நீ ஒரு நிமிஷம் மூடிகளையே பார்த்துவிட்டு, ஓஞ்சிடுச்சுக்கா என்றாய்.

அன்றைக்கு ஆரம்பித்தது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் எனக்கு உன்னிடம் ஒரு கேள்வி இருக்கும். உங்க நாட்டுல இன்னா மீன் கிடைக்கும்? உங்க நாட்டுல கல்யாணத்துக்கு இன்னா செய்வாங்க? உங்க நாட்டுல மழை எப்படி? நீயும் சொல்வாய். மன்னார் பக்கம் தெருவில் கழுதைகள் மாடு மாதிரித் திரியும் என்றாய். பத்துப் பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பெருக்க மரம் ஒன்று இருக்கிறது என்றாய். எனக்கு வாய் பிளந்துவிடும். அந்தக் கழுதைங்க யாருதுடி, சொந்தக்காரன் இல்லையா என்று நோண்டுவேன். “நாளைக்குச் சொல்றேன்க்கா” என்பாய். மறுநாள் சரியாகச் சொல்வாய். இவள் என்ன பெரிய சஸ்பென்ஸ் வைக்கிறாள் என்று நான் லைனில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முகாமில் கணக்கெடுப்பு நாள் வரும். எல்லோரும் வரிசையில் நின்று, இங்கேதான் இருக்கிறோம் என்று கையெழுத்துப் போட வேண்டும் என்பாய். அன்றைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடுவாய், உன் பெட்டியையும் சேர்த்து நான் நிரப்புவேன். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் நாக்கு சும்மா இருக்குமா எனக்கு? “கையெழுத்து போடாட்டி எங்க ஓடிடப் போற, உங்க நாட்டுக்கா?” என்று எல்லோர் எதிரிலும் கேட்டேன். லைனே சிரித்தது. நீயும் சிரித்தாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்துப் பார்த்தால், நீ குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாய். உன் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

நாலு நாள் காய்ச்சல். அவ்வளவுதான் உனக்கு. திங்கட்கிழமை தலைவலி என்று சொன்னவள் வெள்ளிக்கிழமை இல்லை.

காரியம் முடிந்ததும் இறப்பைப் பதிய வேண்டும் என்று உன் புருஷன் என்னைத்தான் கூப்பிட்டான். அவனுக்குப் பேனா பிடிக்கும் நிலைமை இல்லை. உன் அம்மாவும் கூட வந்தார். ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து நான் மளமளவென்று எழுதினேன். பிறந்த இடம் என்று ஒரு வரி வந்தது. யாரையும் கேட்கவில்லை நான். மன்னார், இலங்கை என்று அழுத்தி எழுதினேன். பதினோரு வருஷமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டவள் இல்லையா, எனக்குத் தெரியாதா?

உன் அம்மா எட்டிப் பார்த்தார். மஞ்சள் பைக்குள் கைவிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்த ஒரு தாளை எடுத்து என் மடியில் வைத்தார். உன் பிறப்புச் சான்றிதழ். கும்மிடிப்பூண்டி அரசு மருத்துவமனை என்று இருந்தது.

இரண்டு தடவை படித்தேன். வேறு யாருடையதையோ மாற்றி எடுத்துவிட்டார் என்றுகூட நினைத்தேன்.

“படகில வரேக்க அவள் என்ட வயித்துக்குள்ள. ஒரு நாளும் அங்க கால் வைக்கேல்ல” என்றார் உன் அம்மா. பிறகு என்னைப் பார்க்காமலேயே சொன்னார்: “மத்தியானம் நீங்கள் ஏதும் கேப்பீங்களாம். பின்னேரம் வந்து என்னட்டக் கேப்பாள். அம்மா, சொல்லுங்கோ, அக்கா நாளைக்கும் கேப்பா எண்டு.”

அடிப்பாவி, எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டுப் போய், நான் வேடிக்கையாகக் கேட்டதற்கெல்லாம் அம்மாவிடம் பாடம் படித்துக்கொண்டு வந்தாயா? இந்த ஊரில் பிறந்தவள் நீ. வந்தவள் நான். உன்னை உட்காரவைத்து, எங்க நாட்டுக்கு வந்துட்டே, இனிமே பயமில்ல என்று தைரியம் சொன்னேனே, அப்போதாவது என் வாயில் ஒன்று போட்டிருக்கக் கூடாதா?

எழுதியதை அடித்துவிட்டு உள்ளே போய் அங்கிருந்தவரிடம் கேட்டேன். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே செத்தவளுக்கு எந்த நாடு சார் போடுவது? அவர் நல்ல மனுஷன்தான், களைத்துப் போயிருந்தார். “பேஜார் பண்ணாதம்மா. கேம்ப்னா இலங்கைதான்” என்றார். பிறந்த இடம் கும்மிடிப்பூண்டி, நாடு இலங்கை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக என் எழுத்திலேயே இருக்கின்றன. மூன்று மாசமாகக் கண்ணை மூடினால் அந்தத் தாள்தான் தெரிகிறது.

அதிலிருந்து இந்த வார்த்தையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் யாரும் நாடு என்று பேசி நான் கேட்டதில்லை. கொல்லையைத் தாண்டி நடந்தால் ஆந்திரா. என் சித்தியை அந்தப் பக்கம்தான் கொடுத்திருக்கிறது. பஸ் போர்டில் எழுத்து மாறும், மற்றபடி யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. எங்கள் நைனா ஓட்டுப் போடும் நாளிலும் கிரிக்கெட் நடக்கும்போதும் மட்டும் அந்த வார்த்தையைச் சொல்வார். மற்ற நாளெல்லாம் ஊர்தான். எங்க ஊரு, அவங்க ஊரு. நான் என் நாடு என்று வாயால் சொன்னது எப்போதெல்லாம் என்று எண்ணிப் பார்த்தேன். உன் எதிரில் உட்கார்ந்து சொன்னதுதான். எனக்கு அந்த வார்த்தை தேவைப்பட்டதே உனக்கு அது இல்லை என்று நினைத்ததால்தான் போலிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

இதுவரை எழுதியிருந்தபோது உன் மகள் வந்துவிட்டாள். படிவத்தை எடுத்துப் பார்த்தாள்.

“இன்னா பெரியம்மா, இத்த மட்டும் உட்டுட்டீங்க?”

எனக்கு எழுத வரவில்லை என்றேன். உன்னை மாதிரியே ஒரு நிமிஷம் குனிந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “உங்கள யாராச்சும் எந்த நாடுன்னு கேட்டுருக்காங்களா?”

இல்லை என்றேன். நாற்பது வயசாகிறது, ஒருத்தரும் கேட்டதில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டு என் கையிலிருந்த பேனாவை வாங்கினாள், இலங்கை என்று தானே எழுதினாள். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ தடவை எழுதிப் பழகிய எழுத்து. கோபமில்லை, அழுகையில்லை.

எழுந்து போவாள் என்று பார்த்தால் போகவில்லை. அம்மம்மா இப்போதெல்லாம் பேசுவதே இல்லை, கேட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார் என்றாள். “காலேஜ்ல யாராச்சும் கேப்பாங்க பெரியம்மா. எனக்கு ஒண்ணுமே தெரியாது. அம்மா உங்களுக்கு சொன்னதுலாம் எனக்கு சொல்லுங்க.”

மன்னார் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடச் சரியாகத் தெரியாதவள் நான். ஆனால் நீ சொன்ன ஒன்றையும் மறக்கவில்லை. உன் அம்மா சொல்லி, நீ சொல்லி, என்னிடம் வந்தவை. இப்போது அதையெல்லாம் சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். உங்க என்று ஆரம்பித்து, நாட்டுல என்று வரப்போனதை நிறுத்திக்கொண்டேன். “உங்க அம்மம்மா ஊருல” என்று மாற்றிச் சொன்னேன். அவள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினாள்.