டைல்ஸ் வந்த பெட்டி

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை. போன் விழுந்து உடைந்துவிட்டது, அதனால்தான் கடிதம். பதற வேண்டாம்.

ஆன்லைனில் பழைய போன் ஒன்று விலைக்கு வந்தது. பொருளைக் கையில் வாங்கிப் பார்த்தபிறகே பணம் என்று, அறையில் கூட இருக்கும் வெல்டர் சைகையாலேயே எச்சரித்திருந்தார். அவருக்கு நம் மொழி தெரியாது. இங்கே யாருக்குமே தெரியாது. வெல்டரின் போனில் விற்பவனைக் கூப்பிட்டேன். அவன் தமிழில் பேசினான். "அண்ணே, சாப்டீங்களா? குரல் ஏன் இப்படிக் கம்மியிருக்கு?" என்று கேட்டான். அவ்வளவுதான், முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

வந்த பெட்டியில் பாத்ரூம் டைல்ஸ் ஒன்று இருந்தது. டீ டம்ளர் வைக்கத் தோதாக இருக்கிறது, சிரித்துக்கொள்ளுங்கள்.

வெல்டரின் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். அவர் போனிலிருந்து நம் ஊருக்குக் கூப்பிட முடியாது, நீங்கள் கூப்பிட்டால் வரும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள். பேச விஷயம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுங்கள்.

அந்த விற்றவனைத் தினமும் கூப்பிட்டுப் பார்க்கிறேன். அவன் எடுப்பதில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கத்தான் கூப்பிடுகிறேன் என்று வெல்டர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. வருகிறேன் அப்பா.

உங்கள் மகன்