பள்ளிக்கூடத்தை ஒட்டின வீடு

என்னங்க, கும்பிடுறேன். ஆண்டவன் புண்ணியத்துல நல்லா இருக்கேன். மாத்திரையை வேளைக்குப் போடுறீங்களா?

இங்க ஆஸ்பத்திரி சமையக்கட்டு வேலையில சேர்ந்த கையோட, நீங்க வர்றதுக்குள்ள நமக்கு வீடு பிடிச்சு, நானும் குடிவந்துட்டேன். தரகர் ஊருக்கு வெளியே தோட்டத்தோட ஒண்ணு காட்டினாரு. "பிள்ளைங்க இல்லாதவங்களுக்கு இதுதாம்மா சொர்க்கம், சத்தமே இருக்காது"ன்னாரு. நம்ம பையனைச் சாமி எடுத்துக்கிட்டதுலேருந்து சத்தமில்லாத வீட்டுலதானேங்க கிடந்தோம்? பள்ளிக்கூடத்தை ஒட்டின வீடே போதும்னுட்டேன். அந்த மனுஷன் என்னை ஒரு மாதிரி பார்த்தாரு, பார்க்கட்டும்.

வரும்போது கம்பளி எடுத்துட்டு வாங்க, இங்க குளிரு. அவன் புத்தகப்பை பரண்லயே இருக்கட்டும்.

ஆஸ்பத்திரி சமையக்கட்டுல கூப்பிடுறாங்க, காய் நறுக்கணும். ஒண்ணுங்க, சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுற மணி அடிச்சா வாசலைப் பார்க்கமாட்டேன்னு சாமிகிட்ட சத்தியம் பண்ணிட்டு வாங்க. நானும் பண்ணினேன். நேத்தே மீறிட்டேன்.

உங்க வீட்டுக்காரி