வரப்பில் சிவப்புத் துப்பட்டா

ஐப்பசி 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். மைக்குக்கு பிளாஸ்டிக் கவர், பாப்பாவுக்கு இருமல் மருந்து, கேஸ் புக்கிங். ஒன்றுகூட நடக்கவில்லை.

ஒரத்தநாட்டில் வேட்பாளர் கூட்டம். எங்கள் மன்னார்குடி லோக்கல் சேனலுக்காக நானும் கேமராவும். மேடைத் திரையில் ஒரு போட்டோ: வயல் மூலையில் குச்சி, நுனியில் சிவப்புத் துணி. "புள்ள தூக்குறதுக்கு வடக்கத்திக்காரன் அடையாளம் வைக்கிறான்! எந்த வீட்ல புள்ள இருக்குன்னு குறிச்சுட்டுப் போறான்!" என்று வேட்பாளர் முழங்கினான். கைதட்டல். பக்கத்தில் நின்ற அம்மா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் சொல்வது நடவுக்கு வந்த வங்காளத்து ஆட்களை. நாளெல்லாம் குனிந்து நம் சோற்றுக்கு நடுகிறவர்களை.

ஐப்பசி 4, செவ்வாய்

வெயில். எல்லா வாட்ஸ்அப்பிலும் அதே போட்டோ. திருத்துறைப்பூண்டி பக்கம் ஊரிலிருந்து அப்பாவும் அனுப்பியிருக்கிறார்: "பாப்பாவை வெளியே விடாதே." பெரிதாக்கிப் பார்த்தேன். துணியில் மஞ்சள் பூ பார்டர். என் காலேஜ் துப்பட்டா!

போன் போட்டேன்.

"அப்பா, இது நம்ம வயலுப்பா."

"நம்ம வயலா? இரும்மா, கண்ணாடி எடுத்துட்டு வர்றேன்."

கண்ணாடியோடு திரும்பி வந்தார்.

"நாந்தாம்மா கட்டுனேன்."

சேறடித்துத் தயாரான வயலுக்குச் சிவப்புத் துணி கட்டுவது எங்கள் ஊர் வழக்கம். மொழி தெரியாத நடவு ஆட்கள் அதைப் பார்த்து இறங்குவார்கள். ஊருக்கே தெரியும். கட்டினவரையே பயமுறுத்திவிட்டானே, பாவி.

ஐப்பசி 5, புதன்

எங்கள் ஊர் நடவு ஆட்களில் பப்லு என்ற பையனை நேற்று சாயங்காலம் டீக்கடையில் அடித்திருக்கிறார்கள். நெற்றியில் தையல். மற்றவர்கள் மூட்டை கட்டுகிறார்கள்.

ஆபீசில் எடிட்டர்: "எதுக்கும்மா வம்பு? ரெண்டு பக்கமும் போட்டு விட்ருவோம்."

"ஒரு பக்கம் எங்கப்பா வயல் சார். இன்னொரு பக்கம் பொய். பொய்க்கு எத்தனை நிமிஷம் வேணும்?"

முறைத்தார். "உங்கப்பா முகம் காட்டிப் பேசுவாரா?"

திங்கட்கிழமை அந்தப் பேச்சை முழுசாக ஓடவிட்டவர் இவர்தான். அப்போது எந்தச் சாட்சியும் கேட்கவில்லை.

ஐப்பசி 6, வியாழன்

வரப்பில் அப்பா, வெள்ளைச் சட்டையில். கேமராவைப் பார்த்தே பேசினார். "இது என் வயலு. இது என் மவ துப்பட்டா. கட்டுனவன் நான். நானே அந்தப் பொய்ய நாலு பேருக்கு அனுப்புனேன். வெக்கமா இருக்கு."

சாயங்காலச் செய்தியில் வெட்டாமல் போட்டோம். உடனே வேட்பாளர் ஆள் போனில்: "படம் தப்பா இருக்கலாம் மேடம். ஆபத்து நிஜந்தானே?" யார் நெற்றியில் தையல் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான்.

ஐப்பசி 7, வெள்ளி

மேகமூட்டம். கேஸ் புக் செய்தாயிற்று.

ஆட்களில் பாதிப் பேர் ரயிலேறிவிட்டார்கள். பப்லுவும் மிச்சப் பேரும் காலையில் வயலுக்கு வந்தார்கள். அப்பா புதுத் துணியும் குச்சியுமாகக் கிளம்பினார்.

"துணி வேணாம் ஐயா," என்றான் பப்லு, இங்கே வந்து கற்ற நாலு தமிழ் வார்த்தையில். "நீங்க நில்லுங்க."

அப்பா வரப்பில் நிற்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.