அப்பா புனேக்கு வர மாட்டார்

தென்காசி

அன்பு மகள் அனுசியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் சுகம், அங்கே நீயும் சுகமாக இருக்க உலகம்மனை வேண்டிக்கொள்கிறேன். சுகம் என்று வழக்கத்துக்காக எழுதவில்லை, உண்மையாகவே எழுதுகிறேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே நீ ஆஸ்பத்திரி பெயர், டாக்டர் பெயர் என்று ஆரம்பித்துவிடுகிறாய், அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் சரிம்மா சரிம்மா என்கிறார். போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பார்வையில் நாலு பேரை எழுந்து நிற்க வைத்த மனுஷன் உன்னிடம் மட்டும் இப்படி. புனேக்கு வந்து உன்னோடு ஆறு மாதம் இருப்பதற்கும் அப்படித்தான் சரி சொன்னார், நீயும் டிக்கெட் போட்டுவிட்டாய். நான் சரி சொல்லவில்லை என்பதை நீ கவனித்தாயா தெரியவில்லை.

அருவிக்கரை டூட்டியில் மயங்கி விழுந்ததிலிருந்து அப்பா மெடிக்கல் லீவில் இருப்பதும், பிரஷர் இறங்காததும், தூக்கம் இல்லாததும் உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. பக்கத்து வீட்டு மாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் போதும், விசுக்கென்று எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். இத்தனை வருஷம் குற்றாலத்தில் தண்ணீர்ச் சத்தம் கூடினாலே விசிலடித்துக் கூட்டத்தை வெளியேற்றிய உடம்பு அது, அதற்கு வீடும் அருவியும் வேறில்லை. மாத்திரை எழுதித் தந்த டாக்டரே மரங்களுக்கு நடுவே தினமும் நடக்கக் கூட்டிப்போங்கள் என்றார். காட்டுக்குள் கொஞ்ச நேரம் இருந்தாலே நாடித்துடிப்பும் பிரஷரும் தணிவதாகவும் பதற்றத்தைக் கிளப்பும் சுரப்பு குறைவதாகவும் ஜப்பானில் அளந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள், நானும் தாவரவியல் படித்தவள் என்று தேடிப் படித்தேன். படித்துவிட்டுச் செய்ததோ நம் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்கிற காரியம். காடு என்றால் குற்றாலம், குற்றாலம் என்றால் அருவி என்று, சாரல் நேரத்து ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்கு அழைத்துப்போனேன். துண்டைக் கட்டிக்கொண்டு, தலையில் எண்ணெய் வழிய, ஏய் வரிசையில வா, பொம்பளைங்க பக்கம் உனக்கு என்னலே சோலி என்று அப்பா கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஆரம்பித்துவிட்டார். டூட்டியில் இருந்த கான்ஸ்டபிள் அந்தத் துண்டுக்கே சல்யூட் வைத்தார். வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்தோம், பார்க்காமலே இருந்திருக்கலாம்.

அதோடு விட்டுவிடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். மேக்கரையில் சுடலையாண்டி மாமா தோப்புக்குப் பின்னால் காட்டுக்குள் நம் சாஸ்தா கோயில் இருக்கிறதே, பங்குனி உத்திரத்துக்கு மட்டும் வேன் பிடித்துப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு, மறு வருஷம் வரை திரும்பிப் பார்க்காமல் இருப்போமே, அந்தப் பாதையில் இப்போது சாதாரண நாளில் போகிறோம். கோயில் வரைதான் வனத்துறை விடுகிறது, அதற்கு மேல் நாங்களும் போவதில்லை. யானையை நினைத்து நீ பயப்படுவாய், நானும் பயப்படுகிறேன், அதனால்தான் வெயில் வந்த பிறகு மாமாவோடு போய் உச்சிப்பொழுதுக்கு முன் திரும்பிவிடுகிறோம், யானை இறங்கிய தடயம் இருந்தால் தோப்போடு சரி. முதல் வாரம் அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ரோந்து போகிற மாதிரிதான் நடந்தார். மாமா சும்மா இருப்பாரா, என்ன மாப்ள, மரத்தையும் வரிசையில நிக்கச் சொல்லுதீரா என்று கேட்டார். அப்பாவுக்குக் கோபம் வரும் என்று பயந்தேன், சிரித்தார். போகப் போகக் கை தானாக முன்னால் வந்துவிட்டது. கோயிலுக்குக் கீழே ஓடையில் தண்ணீர் சத்தமாகத்தான் போகிறது, அதன் பக்கத்துப் பாறையில் சாய்ந்து ஒரு நாள் குறட்டை விட்டுத் தூங்கினார். மாமாவை நான் பேசவிடவில்லை. அப்பாவுக்குத் துணைக்குத்தான் வருகிறேன் என்று நினைத்திருந்தேன் அனு, அன்றைக்கு அங்கே சும்மா உட்கார்ந்திருந்தபோது என் தோள் மெல்ல இறங்கியது, அது இத்தனை மாதம் ஏறியே இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

போன வாரம் டாக்டர் பார்த்துவிட்டுப் பிரஷர் இறங்கியிருக்கிறது, மாத்திரையை நிறுத்தாதீர்கள், நடையையும் நிறுத்தாதீர்கள் என்றார். காடு மாத்திரைக்குப் பதில் இல்லை, எனக்குத் தெரியும், மாத்திரை டப்பா என் கையில்தான் இருக்கிறது, ஒரு வேளை தவறவில்லை. உன் வீட்டையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் காலையில் நீ வேலைக்குப் போன பிறகு, பதினாலாவது மாடியில், பாஷை தெரியாத ஊரில், கீழே வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவர் என்ன செய்வார்? பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றால் ரிப்போர்ட்டை எல்லாம் அனுப்புகிறேன், திருநெல்வேலிக்கும் கூட்டிப்போகிறேன், அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. அவரை இங்கிருந்து கிளப்பக்கூடாது என்பதில்தான் பிடிவாதம். நேற்று காட்டிலிருந்து இறங்கும்போது அப்பா நின்று மேலே பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, புனேக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லிவிடுவேனோ என்று பயந்த மாதிரி, மெதுவாகக் கேட்டார்: “உமா, அனு இருக்க ஊர்ல மரமெல்லாம் உண்டுமா?”

அதற்குப் பதிலாகத்தான் இன்று இதை எழுதுகிறேன். டிக்கெட்டை ரத்து செய்துவிடு. நீ செய்யாவிட்டால் வண்டி அதுபாட்டுக்குப் போகும், அப்பா இங்கேதான் இருப்பார்.

நேரத்துக்குச் சாப்பிடு, மடியில் லேப்டாப்போடு தூங்காதே. லீவு கிடைத்ததும் நீ வா, காட்டுக்குள் இப்போது அட்டை அதிகம், முழங்கால் வரை மூடுகிற காலுறை எடுத்துவர மறக்காதே. சாஸ்தா உனக்கு நீண்ட ஆயுசும் நல்ல தூக்கமும் தரட்டும்.

உன் அம்மா
உமாராணி சுந்தரபாண்டியன்